யார் வாசிப்பதற்காக எழுதுவது?

கிழக்கிலங்கையின் தம்பிலுவிலில் வாழும் என் தங்கையின் மகள், சென்ற பெரும்போக விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னர் தன் கணவரை மாரடைப்பில் இழந்தாள். முப்பத்தோராம் நாள் அமுது கொடுத்து, வந்த உறவினர் எல்லோரும் தத்தம் ஊருக்குத் திரும்பிய பின் ஒரு மாலையில் அவள் என்னிடம் கேட்டாள்: "எழுதினா இது ஆறுமா மாமா? எதுல எழுதுற? எப்பிடித் தொடங்குற?" அவளுடைய சின்ன மாமா, அதாவது என் தம்பி, போன நாளிலிருந்து நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கேட்டாள். நான் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கட்டுரை எழுதும் முறையை முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தும் அவளுடைய மூன்று கேள்விகளுக்கும் அன்று ஒழுங்கான விடை என்னிடம் இருக்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து யோசித்துச் சேர்த்ததே இக்கட்டுரை.

என் தம்பி மட்டக்களப்பு நாவலடியில் குடியிருந்தவன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவே கிடக்கும் அந்த ஒடுங்கிய மணற்றிட்டில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுனாமி வந்தபோது ஓடித் தப்ப இடம் இருக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையும் கூட. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மடிந்த அந்த நாளில் இழப்பு என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதாக இல்லாமற்போனதால், யாரிடமும் போய் அழுவதற்கு முறை இருக்கவில்லை; அழப்போன வீட்டிலும் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த முகாம் நாட்களில் நிவாரணப் பொருட்களோடு வந்த ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அதன் பின் இந்த இருபது ஆண்டுகளில் பல வழிகளை மாற்றி மாற்றி முயன்றிருக்கிறேன். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எந்தத் தாள், எந்தப் பேனை, எத்தனை நிமிடம் என்பவற்றை விட ஒன்றே ஒன்றுதான் வழிகளைப் பிரிக்கிறது என்று எனக்குப் படுகிறது: எழுதுவதை வாசிக்கப்போவது யார்?

ஊர் வாசிப்பதற்காக எழுதப்படுவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஒரு சாவு விழுந்த வீட்டில் முதலில் எழும் எழுத்து வேலை அதுதான். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் நாம் அச்சிட்டு வழங்கும் சிறு நூலில் தேவார திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, இறந்த ஆண்டும் மாதமும் பட்சமும் திதியும் அடங்கிய ஒரு திதி வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசை இருக்கும். இதனை ஏளனம் செய்வோரை நான் கண்டிருக்கிறேன். நான் அவர்களோடு சேரமாட்டேன். பதிவேடுகள் எரிந்தும் நீரில் கரைந்தும் போன எங்கள் ஊர்களில் நான்கு தலைமுறைக்கு முந்திய பெயர்களை ஒரு பழைய கல்வெட்டிலிருந்தே கண்டெடுத்த குடும்பங்கள் உண்டு. இறந்தவனை ஊரறியப் பாடுவது, கையறுநிலை என்று துறைக்கே பெயரிட்டு வைத்திருக்கும் நம் மொழிக்குப் புதிதுமன்று. திதி வெண்பாவுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: அடுத்த ஆண்டுத் திவசம் எந்நாளில் வரும் என்று குழம்புபவருக்கு நான்கு அடிகளில் விடை கிடைத்துவிடுகிறது.

ஆயினும் துயரை ஆற்றுவதற்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 2005 டிசம்பரில் தம்பியின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மலர் ஒன்று அச்சிட்டோம். செய்யுள் இயற்ற வல்ல ஒருவரிடம் விவரங்களைக் கொடுத்தோம். அவரும் குறைவில்லாமல் எழுதித் தந்தார். எழுத்தறியாத என் தாயார், தன் பெயரில் அச்சாகியிருந்த "தாய் புலம்பல்" பகுதியை என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஓசை தட்டாத எட்டு விருத்தங்கள். கேட்டு முடித்துவிட்டு அம்மா, "நான் இப்பிடிச் சொல்லயில்லியே மனே" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்: அந்தக் காலையில் அவனுக்கு அனுப்பவென்று பிட்டு அவித்து மூடி வைத்திருந்தார், அது கொடுபடவில்லை. பிட்டு விருத்தத்துக்குள் வரவில்லை. ஊருக்காக எழுதும்போது ஊருக்குப் பொதுவானதே எழுத்தில் நிற்கும். நம்மை உள்ளே அரிக்கும் அந்தச் சிறிய, சற்றே வெட்கப்படத்தக்க விஷயம் வெளியிலேயே நின்றுவிடும். ஆகவே கல்வெட்டைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். புலம்பல்களை வாடகைக்கு விடாமல், குடும்பத்தில் ஒருவர் தம் கையால் ஒரு பக்கம் உரைநடையில் எழுதிச் சேர்க்கலாம் என்பேன். முப்பத்தோராம் நாளுக்குள் அவசரமாக முடிக்காமல் ஆண்டுத் திவசத்துக்கு ஒத்திவைக்கவும் முடியும்.

முகநூலில் படத்தைப் போட்டு எழுதுவதும் ஊருக்கு எழுதுவதே, இன்னும் பெரிய ஊருக்கு. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குச் செய்தி எட்டுவதற்கு அது போதும். அதற்கு மேல், அனுதாபங்களை எண்ணிக்கொண்டு இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பது ஆறுதல் அன்று.

அதிகாரிகள் வாசிப்பதற்காக எழுதுவது என்று இன்னொன்று இருக்கிறது. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டுமா என்று தயங்கினேன். எங்கள் மாவட்டங்களில் எழுதுவதைப் பற்றிப் பேசிவிட்டு அதை விடுவது நேர்மையாகாது. பிள்ளையோ கணவரோ பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத வீடுகளில் பெண்கள் முப்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்: பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கொண்டுபோன திகதி, இடம், அன்று அணிந்திருந்த சட்டையின் நிறம். ஓர் ஆணைக்குழு முடிய மற்றோர் ஆணைக்குழு வரும். மீண்டும் அதே படிவம். பவுலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இத்தகைய இழப்பை முடிவறியா இழப்பு என்ற பொருளில் தனியாக வகுத்துப் பேசியிருக்கிறார்: இறந்ததாகக் கொண்டு அழவும் முடியாது, இருப்பதாகக் கொண்டு காத்திருக்கவும் முடியாது. திதி தெரியாத ஒருவருக்குத் திதி வெண்பா எழுத முடியாது என்பதை நான் அந்த வீடுகளில்தான் உணர்ந்தேன். படிவத்தை நிரப்புவது உரிமைக்கான வேலை. அதை நிறுத்தச் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அந்த எழுத்து ஆற்றும் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. சட்டையின் நிறத்தை நாற்பதாவது தடவை எழுதும் கைக்கு வேறொரு கொப்பியும் வேண்டும்; அந்தச் சட்டை எந்தக் கடையில், எந்தச் சண்டைக்குப் பின் வாங்கப்பட்டது என்று எழுத அங்கே இடமிருக்க வேண்டும்.

எவருமே வாசிக்காமல் இருப்பதற்காக எழுதும் முறை மேலை நாட்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவி சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட சோதனையில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை மிக வருத்திய நிகழ்வைப் பற்றி நிறுத்தாமல் எழுதினார்கள். எழுத்துப் பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நடந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. எழுதிய உடனேயோ அவர்களின் மனம் இலேசாகவில்லை, கனத்தது. இந்தக் கடைசி விஷயத்தை இம்முறையைப் பரிந்துரைப்போர் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லாமல் விடப்படும் இன்னொன்றும் உண்டு: 2002இல் மார்கரெட் ஸ்ட்ரோப் முதலிய ஆய்வாளர்கள், வாழ்க்கைத் துணையை இழந்தவர்களிடம் இதையே முயன்று பார்த்தபோது, எழுதியோர் எழுதாதோரை விட விரைவாகத் தேறினர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒளித்து வைத்த காயத்துக்கு உதவும் முறை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாவுக்கு அதே அளவில் உதவாமற் போவது எனக்கு வியப்பாக இல்லை. செத்த வீட்டில் ஒப்பாரி வைத்து, பறைமேளம் கேட்டு, எட்டு நாள் மனிதர் சூழ இருந்தவளுக்கு அழுகையைத் திறந்துவிட ஒரு பதினைந்து நிமிடம் தேவைப்படுவதில்லை. அவளிடம் இல்லாதது, எல்லோரும் போன பிறகு பேச ஓர் ஆள்.

ஆகவே என் மருமகளுக்கு நான்கு நாள் முறையை நான் முதலாவதாகச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று அந்த இழப்புக்குள் இருந்தால், கடைசியாகப் பேசிய வார்த்தை கோபத்தில் பேசியதாக இருந்தால், அப்போது இந்த முறையை எடுக்கலாம். ஓரிரு மாதங்கள் கழித்து, எழுதி முடித்ததும் அடுப்பில் போட்டுவிடலாம் என்ற உறுதியோடு. நான் ஒரு முறை செய்தேன். எதை எழுதினேன் என்பதை இங்கும் சொல்லப்போவதில்லை.

இனிக் கடிதம். இறந்தவரே வாசிப்பதாக வைத்து எழுதுவது. இதை முதலில் எனக்குச் சொன்னவர் எவரும் இல்லை; முகாமில் நான் எழுதத் தொடங்கிய முதல் வரியே "தம்பி, அம்மா சாப்பிடுகிறா இல்லை" என்று விழுந்தது. இழந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று சிக்மண்ட் பிராய்ட் 1917இல் எழுதினார், அந்தக் கருத்து நெடுங்காலம் நிலைத்தும் நின்றது. இறந்தவரோடு உள்ள உறவு முடிவதில்லை, வேறொரு வடிவில் தொடர்கிறது, அது நோயன்று என்ற கருத்து ஆய்வுலகில் 1996ஆம் ஆண்டளவில்தான் வலுப்பெற்றது. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் தகப்பனுக்காக முழுகி எழும்புகிற எங்கள் சனத்துக்கும், சித்திரா பௌர்ணமியில் தாய்க்காக விரதம் இருப்போருக்கும் இது புதுச் செய்தியா என்ன? உறவை வைத்திருக்க நமக்கு ஆண்டில் சில நாட்கள் உண்டு. கடிதம் அதை மற்ற நாட்களுக்கும் நீட்டிக்கிறது.

மருமகள் தொடங்கியதும் கடிதத்தில்தான். கேளாமலே எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினாள், இங்கு எழுதவும் சம்மதித்தாள். அதில் அழுகை என்று ஒரு வரி இல்லை. "வட்டவிதானை வந்து தண்ணி திறக்கிற நாள் சொல்லிப்போட்டுப் போறார். வரம்பு கட்டக் கூலிக்கு ரெண்டு பேர் வச்சன், நீங்க சொல்ற கூலியை விடக் கூடக் கேக்காங்க. பம்புக்கு வாசர் மாத்தணும் எண்டு சொன்னீங்க, எந்த வாசர் எண்டு சொல்லயில்ல." எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்ட நேரம் எடுத்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கே சீதனமாக எழுதப்படுவதால் கணவர் போனாலும் அவள் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவர் கழற்றி வைத்த பம்பும் அங்கேயே இருக்கிறது. அன்றாடம் ஒரு பொருளில் இடறும் ஒருத்திக்கு, "என் துயரம்" என்று தலைப்பிட்டு எழுதுவதை விட அந்தப் பொருளைப் பற்றி அவரிடமே கேட்டு எழுதுவது இயல்பாக வருகிறது. கோபமும் கடிதத்தில்தான் இடம் பெறும்: "நெஞ்சு நோகுது எண்டு ரெண்டு நாள் சொல்லாம இருந்தீங்களே" என்பதை அவள் வேறெவரிடம் சொல்வாள்? ஊர் கேட்டால் தவறாக எடுக்கும். அவர் தவறாக எடுக்கமாட்டார்.

கடிதத்துக்கு ஒரு குறையும் உண்டு. பதில் வராது என்பது ஒவ்வொரு முறையும் முடிவில் தெரிந்துவிடும். எனக்கு மூன்றாம் ஆண்டில் அது பாரமாயிற்று. தம்பியை விளித்து எழுதுவது குறைந்து, தம்பியைப் பற்றி எழுதுவது கூடியது. நான் திட்டமிட்டு மாற்றவில்லை. அப்படித்தான் கடிதம் நாட்குறிப்பாகியது.

நாட்குறிப்பை வாசிப்பவர் நாமேதான், ஆனால் இன்றைய நாம் அல்ல. பத்து ஆண்டு கழித்து அதே கொப்பியைத் திறக்கும் ஆள் வேறு. 2006ஆம் ஆண்டுக் கொப்பியில் நான் தம்பியின் குரலை மறந்துபோகிறேன் என்று பல பக்கங்களில் அஞ்சி எழுதியிருக்கிறேன். 2017இல் அதை வாசித்தபோது, அந்த அச்சத்தைக் கூட மறந்திருந்தேன் என்பதும், அவன் என்னை "அண்ணே" என்று விளிக்கும்போது கடைசி எழுத்தை இழுப்பான் என்று அங்கேயே குறித்து வைத்திருப்பதும் தெரிந்தது. எழுதியிராவிட்டால் அந்த இழுப்பு என்னிடம் இருந்திராது. வாழ்நாள் முழுவதும் கூட வரக்கூடிய வழி எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். இதன் பயன் முதல் ஆண்டில் தெரியாது. மரணம் ஒன்றோடு நிற்பதுமில்லை: தம்பிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு நண்பர்கள் என்று ஒவ்வொரு இழப்பிலும், முந்திய இழப்பை நான் எப்படிக் கடந்தேன் என்று என் கையெழுத்திலேயே பார்க்க முடிந்தது.

பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டை தடித்த சீ.ஆர். கொப்பியே நல்லது, தனித்தாள்கள் தொலையும். கடற்காற்றும் வாவி ஈரமும் உள்ள கல்லடி போன்ற இடத்தில் மைப்பேனை எழுத்து ஊறிப் பரவிவிடும். குமிழ்முனைப் பேனை பரவாயில்லை. பென்சில் தண்ணீரில் விழுந்தாலும் அழியாது, கறையானுக்கு மட்டும் பதில் சொல்லாது. நாளும் ஆண்டும் இடுவதைத் தவறவிடக் கூடாது. நான் முதல் கொப்பியில் இடவில்லை, இப்போது எது முன் எது பின் என்று தெரியாமல் வருந்துகிறேன்.

எழுதி வைப்பது ஆபத்து என்ற நினைவு எங்கள் தலைமுறையிடம் இன்னும் இருக்கிறது. 1990ஐ ஒட்டிய சுற்றிவளைப்புக் காலத்தில் பெயரும் இடமும் திகதியும் உள்ள எந்தத் தாளும் வீட்டுக்கு வினையாகலாம் என்பதால் எங்கள் வீட்டிலும் இரண்டு கொப்பிகள் அடுப்புக்குள் போயின. இன்று வேறு வகை அச்சம்: மாமியார் வாசிப்பாரோ, பிள்ளை வாசிப்பானோ. பூட்டுள்ள பெட்டி இல்லாத வீட்டில் ஒளிவுமறைவற்ற நாட்குறிப்பை எதிர்பார்க்க முடியாது. அங்கு குறிப்புகளைச் சுருக்கி, தனக்கு மட்டும் விளங்கும் ஒரு சொல்லில் நிறுத்துவதும் எழுத்தே. என் முன்னாள் மாணவி ஒருத்தி, மருதமுனைப் பெண், கணவர் இறந்து, முஸ்லிம் பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் நாளுக்கு ஒரு வரி எழுதியதாகச் சொன்னாள்: அன்று வந்தவர் யார், என்ன கொண்டுவந்தார். வெளியே போகாத அந்த நாட்களில், யார் தன்னை நினைத்தார்கள் என்ற கணக்கு அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

எழுதத் தெரியாதவருக்கும், எழுதக் கை வராதவருக்கும் கைத்தொலைபேசியில் குரலைப் பதிவது எளிய வழி. அம்மா இருந்தபோது நான் அதைச் செய்யவில்லை. பிட்டுக் கதையை அவர் குரலிலேயே பதிந்திருக்கலாம். தொலைபேசி பழுதாகும் முன் வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தால் போதும். சிலர் கூடி எழுதி ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் குழுக்களில் எனக்குப் பழக்கமில்லை. ஒரே வகை இழப்புள்ள ஐந்தாறு பேரும், நாவடக்கமுள்ள ஒருவரும் இருந்தால் நன்றாக அமையலாம். நம் சிற்றூர்களில் இரண்டாவது நிபந்தனை கடினம்.

எழுத்தால் ஆகாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் அதே கூர்மையோடு நாள் முழுவதையும் பிடித்திருந்தால், உணவும் உறக்கமும் வேலையும் குலைந்தே கிடந்தால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் தனியாகச் சேர்த்திருக்கிறது. ஊர் வழக்கமும் சமயமும் விதிக்கும் துக்க காலத்தைக் கணக்கிலெடுத்தே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கொப்பியில் வாரக்கணக்காக ஒரே காட்சி, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அதுவே ஓர் அறிகுறி. சாக வேண்டும் என்ற எண்ணம் எழுத்தில் வந்தாலோ கொப்பியை மூடிவிட்டு மனிதரிடம் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மருமகளுக்கு நான் கொடுத்தது இரண்டு சீ.ஆர். கொப்பிகளும் ஒரு பெட்டி பென்சிலும். ஒன்றில் அவருக்குக் கடிதம், தோன்றும் நாளில் மட்டும். மற்றதில் திகதியிட்டு ஒரு வரி, வயல் கணக்கானாலும் சரி. ஆண்டுத் திவச மலருக்கு அவளே ஒரு பக்கம் எழுதுவாள், புலம்பல் வேண்டாம் என்று இப்போதே குடும்பத்தில் சொல்லியாயிற்று. முகநூல் பக்கம் இந்த வருடம் போவதில்லை என்பது அவளே எடுத்த முடிவு.

சென்ற கிழமை தொலைபேசியில் இன்னொன்று கேட்டாள். மகனுக்குப் பத்து வயது. அவன் பெரியாளாகி அந்தக் கொப்பிகளை எடுத்தால் என்ன செய்வது என்று. என் கொப்பிகளின் முதல் மட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கும் துண்டைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். "இதை என் பிள்ளைகள் வாசிக்கலாம்" என்று சிலவற்றில் இருக்கிறது. "வாசிக்காமல் எரிக்கவும்" என்று இரண்டில் இருக்கிறது. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடிதக் கொப்பியில் எரிக்கச் சொல்லியும் மற்றதில் மகனின் பெயரும் எழுதப்போவதாகச் சொன்னாள். பம்புக்கு எந்த வாசர் என்று கடைக்காரர் பார்த்துச் சொல்லிவிட்டாராம். அதையும் அவருக்கு எழுதிவிட்டாளாம்.